மொத்தம் 7 வந்தும் ஸ்பீக்கிங்கில் அரைப் புள்ளி குறைந்துவிட்டது... ஏஜென்ட் சொல்வதைக் கேட்கலாமா?

திருமங்கலத்துக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 29. பன்னிரண்டாவது வரை ஊர்ப் பள்ளியில் தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்சி. நர்சிங். மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறார். சம்பளம் 16,000 ரூபாய். கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். நான்கு வயதில் மகள். பிரிட்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதியிருக்கிறார். முதல் முறை ஸ்பீக்கிங்கில் 6. நகையை அடகு வைத்துக் கோச்சிங் சேர்ந்து, மூன்று வாரம் முன்பு இரண்டாவது முறை கம்ப்யூட்டரில் எழுதினார். லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5. மொத்தம் 7.

அவர் எழுதியிருப்பதில் முக்கியமானவை இவை: “கோச்சிங்கில் எண்பது கியூ கார்டுக்கு (பேச வேண்டிய தலைப்பு எழுதிய அட்டை) விடை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தேர்வில் ‘பிறருக்கு உதவிய ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று வந்தது. மும்பையில் இருக்கும் என் நண்பன் ரோஹன் என்று மனப்பாடக் கதையை ஒப்பித்தேன். முடித்ததும் தேர்வு நடத்திய மேடம், ரோஹனுக்கு நீங்கள் எப்போதாவது உதவியிருக்கிறீர்களா என்று கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. வேறொரு கேள்வியில் பாதியிலேயே நிறுத்தியும் விட்டார். உனக்கெல்லாம் எதுக்கு லண்டன் என்கிறார் நாத்தனார். ஏஜென்ட் ஒருவர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஸ்பீக்கிங்கில் 7 போட வைக்க ஆள் இருக்கிறது, ஒரிஜினல் சான்றிதழ்களை இப்போதே கொடுத்துவிட வேண்டும் என்கிறார். அவரை நம்பலாமா? தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு பிரிட்டிஷ் ஆக்சென்ட் வருமா? இல்லை, இந்த ஆசையை விட்டுவிடட்டுமா? இன்னொன்று, சுடிதாரில் போனதால் மார்க் குறைந்திருக்குமா?”

அன்புச் சகோதரிக்கு,

ஏஜென்ட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் அவசரம் இருக்கிறது. பணமும் கொடுக்காதீர்கள், சான்றிதழும் கொடுக்காதீர்கள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். இதைப் படிப்பதற்குள் சான்றிதழைக் கொடுத்திருந்தால், இன்றே கணவரோடு நேரில் போய்த் திரும்ப வாங்குங்கள்.

மற்றபடி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, நீங்கள் நினைப்பதைவிட நல்ல இடத்தில் நிற்கிறீர்கள் என்பதுதான். ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்சுகளுக்குப் பயிற்சி தருவதே என் வேலை. ரைட்டிங்கில் தடுக்கி விழுந்து எழ முடியாமல் தவிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். உங்களுக்கு அது முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மிச்சம் இருப்பது பேச்சு, அதிலும் அரைப் புள்ளி.

உங்கள் மார்க் என்ன சொல்கிறது

பிரிட்டனில் நர்சுகளைப் பதிவு செய்யும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், அதாவது என்எம்சி, மொத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் தலா 7, ரைட்டிங்கில் 6.5 கேட்கிறது. உங்கள் நான்கின் சராசரி 6.875. அதை 7 என்று முழுமையாக்கித் தந்திருக்கிறார்கள். அந்த 7 ஸ்பீக்கிங்கின் குறையை ஈடுகட்டாது.

ஆனால் உங்கள் கோச்சிங்கில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து என்எம்சி, 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்க்கிறது. நிபந்தனை, இரண்டிலும் எந்தப் பகுதியும் கேட்ட அளவுக்கு அரைப் புள்ளிக்கு மேல் குறையக் கூடாது. உங்கள் முதல் தேர்வு ஸ்பீக்கிங் 6, அதனால் அது உதவாது. இரண்டாவது தேர்வு கச்சிதமாகப் பொருந்துகிறது. அடுத்த முறை ஸ்பீக்கிங்கில் 7 வந்து, மற்ற மூன்றும் அந்த வரம்புக்குக் கீழே போகாமல் இருந்தால், இரண்டையும் சேர்த்துக் காட்டலாம். அதாவது நீங்கள் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை.

அந்தத் தேர்வாளரின் முகத்தையும் மறந்துவிடுங்கள். ஸ்பீக்கிங் மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதிக்கு நான்கைந்து நிமிடம், கியூ கார்டுக்கு யோசிக்க ஒரு நிமிடமும் பேச இரண்டு நிமிடம் வரையும், கடைசி விவாதத்துக்கு மறுபடி நான்கைந்து நிமிடம். இதைத் தாண்ட அவருக்கு அனுமதி இல்லை. நேரம் முடிந்தால் வாக்கியத்தின் நடுவிலும் நிறுத்துவார். சிரித்துத் தலையாட்டி உங்களை ஊக்குவிப்பதும் அவர் வேலை இல்லை. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதற்காகவே அப்படி இருக்கிறார்கள். உங்கள் கருத்து சரியா தவறா என்பதற்கும் மார்க் கிடையாது.

மார்க் நான்கு விஷயங்களுக்கு, நான்குக்கும் சம எடை: தடங்கல் இல்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. 7 வாங்க ஒரு பிழைகூட வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. வெளிப்படையாகக் கிடைக்கும் மதிப்பீட்டு அட்டவணையைப் படித்துப் பாருங்கள். 7-க்கு உரிய ஆள் இடையிடையே தயங்கலாம், சொன்னதைத் திருத்திச் சொல்லலாம். பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும், அவ்வளவுதான். சிரமம் தெரியாமல் நீளமாகப் பேசுகிறாரா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

ரோஹனை விட்டுவிடுங்கள்

நீங்கள் 6.5-இல் நின்றதற்கு ரோஹன்தான் காரணம் என்று நினைக்கிறேன். மும்பையை நீங்கள் பார்த்ததில்லை, ரோஹன் என்று ஒரு நண்பனும் இல்லை. கேள்வி சற்றே திரும்பியதும் பேச உங்களிடம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. தேர்வாளர்கள் ஒரே நாளில் அதே ரோஹனை வேறு பெயர்களில் கேட்டிருப்பார்கள். ஒப்பிக்கும்போது குரல் ஒரே சீராக ஓடும், கண் எங்கேயோ நிற்கும். அது அவர்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அப்புறம் நீங்கள் சொந்தமாக எவ்வளவு பேசுகிறீர்கள் என்று சோதிக்க, விலகி விலகிக் கேட்பார்கள். எண்பது விடைக்குச் செலவான உழைப்பைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். ஆனால் அந்த நோட்டைத் திரும்பத் திறக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “டிஸ்சார்ஜ் ஆகிற சுகர் பேஷன்ட் வீட்டுக்காரர்களுக்கு இன்சுலின் போடுவது எப்படி என்று எங்கள் வார்டில் நான்தான் சொல்லித் தருவேன்.” என்ன சொல்லித் தருவீர்கள்? வயிற்றில் தினமும் ஒரே இடத்தில் குத்தக் கூடாது, ஊசியை உடனே உருவாமல் பத்து வரை எண்ண வேண்டும், சாப்பாடு தயாரான பிறகே போட வேண்டும், ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் மருந்தைத் தண்ணீர் ஊற்றிய மண்பானையில் எப்படிப் பத்திரப்படுத்துவது. கேட்பவர் முகத்தில் குழப்பம் தெரிந்தால் வேறு மாதிரி சொல்வீர்கள். ஒரு நிமிடம்கூட வாய் அடைக்காது. இந்தத் தேர்வு அளக்க நினைப்பது இதே திறமையைத்தான். உங்களிடம் அது தமிழில் முழுசாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைச் சொல்லிப் பழகவில்லை என்பதே குறை.

அதே கியூ கார்டை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். பிறருக்கு உதவிய ஒருவர். உங்கள் வார்டில் ஒரு ஆயாம்மா, துணைக்கு யாரும் வராத பெரியவர் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அவரைச் சொல்லுங்கள். கொடுக்கப்படும் ஒரு நிமிடத்தில் வாக்கியம் எழுத முயலாதீர்கள், நேரம் போய்விடும். ஐந்தாறு சொற்கள் போதும்: ஆயாம்மா எந்த ஊர், அன்று ராத்திரி மழை, பெரியவர் மகன் வரவில்லை, டம்ளரில் பால், காலையில் முதல் பஸ்ஸை விட்டது, எனக்கு என்ன தோன்றியது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று நான்கு வாக்கியம் வந்தாலே இரண்டு நிமிடம் நிறைந்துவிடும். அவருக்கு நீங்கள் உதவியிருக்கிறீர்களா என்று கேட்டால், யோசிக்காமல் பதில் வரும். ஏனென்றால் அந்த ஆயாம்மா நிஜம்.

ஊரைப் பற்றிய கேள்விகளிலும் இதே பாடுதான். நம் பிள்ளைகள் மீனாட்சி அம்மன் கோயில் என்று சொல்லிவிட்டு, ‘வெரி ஃபேமஸ், வெரி பியூட்டிஃபுல்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் மதுரைக்காரர் இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவது என்றால் யார் அழகர், எந்த ஆறு, எங்கிருந்து வருகிறார், அந்த விடியற்காலையில் நீங்கள் எங்கே நின்றீர்கள், கூட்டத்தில் மகளைத் தோளில் தூக்கியது யார் என்று சொல்ல வேண்டும். விளக்கிச் சொல்லப் போனால் சொல்வளம் தானாக வரும். அகராதியைப் புரட்டிப் பொறுக்கிய பெரிய பெரிய வார்த்தைகள் வேண்டியதில்லை.

மூன்றாம் பகுதியில் பொதுவான கேள்விகள் வரும். இளைஞர்கள் ஏன் கிராமத்தை விட்டுப் போகிறார்கள், வயதானவர்களை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி. உங்களுக்கு இதில் கருத்து இல்லாமலா இருக்கும்? உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்தால் திருப்பூருக்குக் குடும்பத்தோடு போவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். கருத்தைச் சொல்லுங்கள், காரணம் சொல்லுங்கள், பார்த்த உதாரணம் ஒன்று, அப்புறம் ‘ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது’ என்று மறுபக்கமும் ஒரு வாக்கியம். கேள்வி புரியவில்லை என்றால் ‘குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?’ என்று கேட்கலாம். இந்தப் பகுதியில் வேறு விதமாகக் கேட்கச் சொன்னாலும் செய்வார்கள். அதற்காக மார்க் குறையாது. புரியாமல் எதையோ பேசிக்கொண்டு போவதுதான் ஆபத்து.

தினமும் என்ன செய்வது

டூட்டி, குழந்தை, சமையல் எல்லாம் போக ஒரு நாளைக்கு அரை மணி நேரம் உங்களுக்குக் கிடைத்தால் பெரிய விஷயம். அது போதும். ஒரு கியூ கார்டு, ஒரு நிமிடக் குறிப்பு, போனில் ரெக்கார்டிங் போட்டு இரண்டு நிமிடப் பேச்சு. உடனே கேளுங்கள். கேட்டுவிட்டு அதே தலைப்பை மறுபடி பேசுங்கள். தினமும் புதுத் தலைப்பாகத் தாவுகிறவர்களைவிட, ஒன்றையே இரண்டு மூன்று தடவை பேசுகிறவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். உங்கள் வார்டில் கேரளத்து நர்ஸ் ஒருவர் இருக்கிறார், அவரும் தேர்வுக்குப் படிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டீ குடிக்கும் பத்து நிமிடம் அவரோடு ஆங்கிலம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப்பில் அடுத்தவர் பேசுவதை மணிக்கணக்கில் பார்ப்பது படிப்பது போல இருக்கும், ஆனால் உங்கள் நாக்கு புரளாது.

ரெக்கார்டிங்கில் எதைக் கவனிப்பது? நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற சில பிழைகள் உண்டு. ‘மைசெல்ஃப்’ என்று பெயர் சொல்ல ஆரம்பிப்பது. ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பது. ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று வர வேண்டும். வார்டில் ‘ஹீ’, ‘ஷீ’ மாறிப் போவது. நேற்று நடந்த கதையைச் சொல்லும்போது பாதியில் நிகழ்காலத்துக்கு வந்துவிடுவது. ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் பேச்சே நின்றுவிடும்.

பிரிட்டிஷ் ஆக்சென்ட் வேண்டுமா?

வேண்டாம். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதே கேள்வி. மதுரைக்காரர் மதுரைக்காரராகவே பேசி 8 வாங்கலாம். இழுத்து மடக்கிப் பேசப் போனால் ஏற்கெனவே சரியாக இருப்பதும் கெட்டுப்போகும். ஆனால் மூன்று விஷயத்தைச் சரி செய்யுங்கள். கடைசியில் உகரம் சேர்ப்பது: டாக்டரு, பேஷன்ட்டு, ஹாஸ்பிடலு. தொடக்கத்தில் யகரம் நுழைவது: எக்ஸாம் என்பது யெக்ஸாம் ஆவது. ‘ஃபீவர்’ என்பதைப் ‘பீவர்’ என்பது. இதோடு, வாக்கியத்தில் முக்கியமான சொல்லைச் சற்று அழுத்தி, அங்கங்கே மூச்சு விட்டுப் பேசுங்கள். பயத்தில் நாம் வேகமாகப் பேசுகிறோம். புரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் அந்த வேகம்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

மறுமதிப்பீடு கேட்கலாம். தேர்வுத் தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்பீக்கிங்கை மட்டும் கேட்கவும் முடியும். பதிவான உங்கள் பேச்சை வேறொரு மூத்த தேர்வாளர் கேட்பார். மார்க் உயர்ந்தால் கட்டிய பணம் திரும்ப வரும். ஆனால் ரோஹன் கதையில் நடந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 6.5 நியாயமான மார்க் என்றே எனக்குப் படுகிறது. இந்தப் பணத்தை நான் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

ஒன் ஸ்கில் ரீடேக் என்று ஒரு வசதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் 60 நாளுக்குள் ஒரே ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். உங்களுக்கு இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. கேட்கவே பிடித்திருக்கும். பணம் கட்டுவதற்கு முன் என்எம்சிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் விஷயத்தில் இதை ஏற்பார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏற்கிறோம் என்று பதில் வந்தால் இதுதான் சிறந்த வழி. நாலு வாரம் மேலே சொன்ன மாதிரி பேசிப் பழகிவிட்டுப் போங்கள்.

பதில் சாதகமாக இல்லை என்றால், இரண்டு மூன்று மாதம் தயாராகி முழுத் தேர்வை எழுதுங்கள். அப்போது மதிப்பெண் சேர்க்கும் விதி கைகொடுக்கும். மற்ற மூன்றையும் கைவிடாமல் வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டே இருங்கள். தேர்வுக் கட்டணம் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் என்று தெரியும். அதனால்தான், நாளைக்கே எழுதிப் பார்க்கலாம் என்று ஓடாதீர்கள் என்கிறேன்.

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நர்சுகளுக்கு அதில் ஸ்பீக்கிங் இயல்பாக இருக்கும். நீங்கள் நர்ஸாக, எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிக்க, இரண்டு உரையாடல்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். நோயாளியின் கவலையைக் கேட்டு ஆறுதலாகப் பேசுவதற்கும் அங்கே மார்க் உண்டு. இன்சுலின் சொல்லித் தருகிற உங்களுக்கு அது கை வந்த வேலை. ஆனால் மாறினால் நான்கு பகுதிக்கும் புதிதாகத் தயாராக வேண்டும். கையில் 7.5-ம் 7-ம் இருக்கும்போது அவசரப்பட வேண்டாம். முழுத் தேர்விலும் 7 வராவிட்டால் அப்போது பார்க்கலாம்.

ஏஜென்ட் விஷயம்

ஸ்பீக்கிங் முழுவதும் பதிவாகிறது. தேர்வு நாளில் உங்களைப் போட்டோ எடுக்கிறார்கள். மார்க்கை என்எம்சி நேரடியாக ஆன்லைனில் சரிபார்க்கும். வெளியில் இருக்கும் ஒருவர் 7 போட வைக்க வழியே இல்லை. ஒன்றரை லட்சத்துக்குக் கிடைப்பது போலிச் சான்றிதழாகத்தான் இருக்கும், அல்லது ஒன்றுமே கிடைக்காது. போலி பிடிபட்டால் பிரிட்டன் விசா மறுக்கப்படுவதோடு பத்து வருடம் வரை அந்த நாட்டுக் கதவு சாத்தப்படலாம். இங்கேயும் வழக்கு வரும், நர்ஸ் பதிவுக்கே ஆபத்து. தண்டனை உங்களுக்குத்தான் வரும். அவர் வேறு பெயர்ப் பலகை மாட்டிக்கொள்வார்.

சான்றிதழை முன்கூட்டியே கேட்பது உங்களைக் கட்டிப்போடத்தான். அப்புறம் வேண்டாம் என்றாலும் பணம் கொடுத்தால்தான் திரும்பத் தருவார்கள். பிரதி மட்டும் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டு அப்போதே திரும்ப வாங்குங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற எவரும் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. நர்சுகளுக்கான வேலை அறிவிப்புகள் அங்கேயும் வருகின்றன, அதைத் தொடர்ந்து பாருங்கள். அவர் பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். முன்பணம் ஏதாவது ஆன்லைனில் அனுப்பியிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் பதிவு செய்யுங்கள். சான்றிதழைத் தர மறுத்தால் நேராகக் காவல் நிலையம் போங்கள். தயக்கமே வேண்டாம், தப்பு செய்தது நீங்கள் இல்லை.

நாத்தனாருக்குப் பதில் சொல்ல நேரம் செலவழிக்காதீர்கள். கணவர் உறுதியாக உங்கள் பக்கம் இருக்கிறார் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. மாலை அரை மணி நேரம் மகளை அவர் பார்த்துக்கொள்ளட்டும், அதை அவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். ஆசையை விட்டுவிடலாமா என்ற கேள்வியை, ஒழுங்கான ஒரு தயாரிப்போடு ஒரு முறையாவது எழுதிய பிறகு என்னிடம் கேளுங்கள். இப்போது கேட்பது சீக்கிரம்.

சுடிதாரில் போனதால் மார்க் குறையவில்லை. உடைக்கு அங்கே மதிப்பெண் இல்லை, உங்களுக்கு வசதியானதைப் போட்டுக்கொண்டு போங்கள். பாஸ்போர்ட் ஒரிஜினலை மட்டும் மறக்காதீர்கள், நகலைக் காட்டினால் உள்ளே விட மாட்டார்கள்.